மருந்து பெஞ்சும் மனு பெஞ்சும்

பெருங்களத்தூர் தனசிங் கிளினிக்கின் நிறுவனரும், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரும், மத்திய அரசின் முன்னாள் துணை அமைச்சருமான டாக்டர் வில்பிரட் தனசிங் அவர்கள், மருத்துவத்திலிருந்தும் பொதுவாழ்விலிருந்தும் ஒருசேர ஓய்வு பெறும் இந்நாளில் கிளினிக் ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல்.

ஆகஸ்ட் 1997

நாடி பிடித்து நலம் கண்ட நற்கரத்தீர்! நாடாளும் மன்றத்தில் நம் புறநகரின் பெயரை நாலு பேர் காதில் விழ உரைத்த நாவலரே! பேதி முதல் பேறுகாலம் வரை பேதம் பாராமல் பார்த்த பெருந்தகையீர்! பெட்டி நிறைய மருந்தோடு இவ்வூருக்கு வந்து, பெட்டி நிறைய மனுவோடு தில்லிக்குப் பறந்த பேராளரே! வணக்கம்.

இதே சுருதியில் இன்னும் இரண்டு பக்கம் பாட எங்களிடம் சரக்கு இருக்கிறது. ஆனால் விற்கிறவர் ஓயாமல் புகழ்ந்தால் வாங்குகிறவர் பொருளைப் புரட்டிப் பார்ப்பார் என்பது தாம்பரம் மார்க்கெட்டில் கூடை தூக்கியவர்களுக்கும் தெரியும். ஆகையால் அடைமொழியை இத்துடன் நிறுத்தி விஷயத்துக்கு வருகிறோம். அதில் சில இடங்களைத் தங்கள் முகத்துக்கு நேரே ‘தாங்கள், தாங்கள்’ என்று சொல்ல எங்கள் நாக்குக்குத் தெம்பில்லை. நடுவில் தங்களை ‘டாக்டர்’ என்று மூன்றாம் மனிதராக நிறுத்திச் சொல்லிவிட்டு, முடிவில் மறுபடி தங்கள் முகம் பார்க்கிறோம். பொறுத்தருள்க.

டாக்டர் இங்கே கிளினிக் திறந்தது 1967இல். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு, பஸ், பெரிய ஆஸ்பத்திரி, நாகரிகம். இந்தப் பக்கம் வயல், வரப்பு, பாம்பு, பிரசவம். படித்த டாக்டர் எவரும் கேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் போர்டு மாட்டாத காலம் அது. இவர் மாட்டினார். ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு வராந்தா, வராந்தாவில் ஒரு பெஞ்சு, அதுதான் ஆஸ்பத்திரி.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. உள்ளே வரும் நோயாளி வாயைத் திறக்கும் முன் கையை நீட்டச் சொல்வார். மூன்று விரலை மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். யாராவது ‘ரெண்டு நாளா வவுறு...’ என்று ஆரம்பித்தால், “வாயை அப்புறம் கேக்கறேன், கை முதல்ல பேசட்டும்” என்பார். கை பேசி முடித்ததும் ஒன்றுமில்லை என்று பட்டால், புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டி விட்டுவிடுவார். ஏதோ இருக்கிறது என்று பட்டால் விடமாட்டார். பிடித்த கையைப் பிடித்தபடியே, குரலை உயர்த்தாமல், “ராணி” என்று நர்ஸ் அமலராணியை அழைப்பார். பாதிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்துக்குத்தான் காது கொடுப்பார்கள். தட்டுக் கேட்டால் வந்தவரின் மனைவி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப எழுந்திருப்பார். ‘ராணி’ என்று கேட்டால் எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிடுவார்.

“டாக்டரு தட்டி அனுப்பிட்டாருன்னா, எமனே வந்தாலும் அட்ரஸ் மாறி வந்துட்டேன்னு சைக்கிளத் திருப்பிக்கினு போயிடுவான்” என்பார் கம்பவுண்டர் சிட்டிபாபு. மிகை என்று நினைக்க வேண்டாம். முடிச்சூர், பெருங்களத்தூர் வட்டாரத்தில் ‘தட்டிட்டாரா?’ என்ற ஒரு கேள்வியில் ஒரு வீட்டின் நலம் விசாரித்து முடிந்துவிடும்.

இந்த நல்ல வியாபாரத்தை விட்டு அவர் ஏன் தில்லிக்குப் போனார் என்று பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். பதவி ஆசை என்றார்கள், மாமனார் வழி செல்வாக்கு என்றார்கள். காரணம் ஒரு ரயில்வே கேட்.

1983 ஐப்பசி மழையில் முடிச்சூரிலிருந்து கங்கம்மா என்ற பெண்ணைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். பிள்ளை குறுக்கே திரும்பியிருந்தது. டாக்டர் கையைப் பிடித்தார், ‘ராணி’ என்றார், தன் பழைய ஹெரால்டு காரின் பின்சீட்டில் கங்கம்மாவைக் கிடத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி சிக்னல் கிடைக்காமல் தண்டவாளத்தை அடைத்துக்கொண்டு நின்றது. டாக்டர் மழையில் இறங்கிக் கேட்மேனிடம் ஓடினார்.

“தொறக்கலாம் டாக்டரே. தொறந்தா வண்டிக்கு அடிலயா பூந்து போவீங்க? கார் போவாதே” என்றார் கேட்மேன். அந்த மனிதர் மீதும் குற்றமில்லை. அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது, மழை என்று சொல்லிக்கொண்டார்.

வண்டி நகர்ந்தபோது கங்கம்மா இல்லை. பிள்ளையும் இல்லை. அதுவரை டாக்டர் அந்தப் பெண்ணின் மணிக்கட்டை விடவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமலராணி சொல்வார். திரும்பி வந்து வராந்தாவில் ஈரத்தோடு நின்றுகொண்டே டாக்டர் சொன்னார்: “என் படிப்பு எல்லாம் கேட்டுக்கு இந்தப் பக்கம் செல்லாது ராணி. ஒரு பாலம் கட்டினா நான் நூறு டாக்டருக்குச் சமம்.”

அடுத்த வருடம் தேர்தல் வந்தது. நல்ல பெயரும் வெள்ளைச் சட்டையும் உள்ள ஒருவரைத் தேடிக்கொண்டிருந்த கட்சிக்காரர்கள் கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: பாலம். அவர்கள் பாலம் என்ன, பாலாறே வரும் என்றார்கள். எதையும் தருகிறேன் என்கிறவரிடம் எதுவும் கிடைக்காது என்று கடைத்தெருவில் வளர்ந்த எங்களுக்குத் தெரியும். சர்ச்சில் வளர்ந்த டாக்டருக்குத் தெரியவில்லை. ஜெயித்தார். ஊர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், அதே மூடிய கேட்டின் முன்னால் கால்மணி நேரம் நின்றது.

தில்லி அவருக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தது, பேரம் ஒன்றைத் தவிர. அங்கே கேட்டதில் பாதி தருவது வழக்கம். எல்லாரும் அதற்குத் தகுந்தாற்போல் கூட்டிக் கேட்பார்கள். இவர் வேண்டியதை மட்டும் கேட்டார். “ஒரு பாலம் கேட்டா பாதிப் பாலந்தான் சாங்க்ஷன் ஆவும். பாதிப் பாலத்த வெச்சிக்கினு இன்னா பண்றது? ரெண்டாக் கேட்டிருக்கணும் டாக்டரே” என்று சிட்டிபாபு எடுத்துச் சொன்னார். டாக்டர் சிரித்தார். பாலம் வரவில்லை. 1988இல் ஒரு அடிக்கல் வந்தது. 89இல் அவர் தோற்றார். கல் தோற்காமல் நின்றது. 91இல் மறுபடி ஜெயித்தார், துணை அமைச்சரும் ஆனார். பாலத்துக்குச் சம்பந்தமில்லாத இலாகா. இரண்டாவது அடிக்கல் வந்தது. “பாத்தீங்களா, கல்லுன்னா மட்டும் ரெண்டு தராங்க” என்றார் சிட்டிபாபு. முதல் கல்லின்மேல் இஸ்திரிக்காரர் கரி கொட்டுகிறார். இரண்டாவதில் டாக்டரின் பெயர் பளபளப்பாக இருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து துடைத்துவிடுகிறார்கள்.

ஆனால் எம்.பி. கையெழுத்துக்கு வேறு மதிப்புகள் இருந்தன. காஸ் இணைப்புக் கூப்பன், டெலிபோன், மத்திய அரசுப் பள்ளியில் இடம், ரயிலில் படுக்கை. ஜனம் வந்தது. வராந்தாவில் இரண்டாவது பெஞ்சு போட்டோம். வாசலுக்கு இடப்பக்கம் மருந்து பெஞ்சு, வலப்பக்கம் மனு பெஞ்சு. மருந்து பெஞ்சில் உட்கார்ந்தவர்களைப் புதிதாகச் சேர்ந்த சின்ன டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் பார்த்தார். பொறுமைசாலி, மெத்தப் படித்தவர். மனு பெஞ்சில் உட்கார்ந்தவர்களைப் பெரிய டாக்டர், அதாவது எம்.பி., ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து வந்து பார்த்தார். ஊரார் கணக்குப் போட்டார்கள். இருமலோடு போனால் சின்ன டாக்டர். இருமலை அடக்கிக்கொண்டு ஒரு காகிதத்தோடு போனால் பெரிய டாக்டர். வியாதியஸ்தர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நகர்ந்தார்கள். எங்களுக்கு அது தெரிந்தது, சிரித்துக்கொண்டோம். சிரிக்கும் விஷயமாகத்தான் அப்போது இருந்தது.

இன்னொன்றும் மாறியது. அரசியலில் கை கொடுக்க வேண்டும். டாக்டருக்குக் கையைத் தொடத் தெரியும், விடத்தான் ஒரு முறை தேவைப்பட்டது. தெரிந்த முறையையே எடுத்துக்கொண்டார். இரண்டு கையாலும் பிடிப்பார், புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டுவார், அடுத்தவரிடம் போவார். பொதுக்கூட்டத்தில், கல்யாணத்தில், இழவு வீட்டில், ஏர்போர்ட்டில், எல்லார் கையிலும் அந்த இரண்டு தட்டு. பத்திரிகைக்காரர்கள் அதைப் பாசம் என்று எழுதினார்கள்.

1994 மே மாதம் ஒரு ஞாயிறு, மனு பெஞ்சில் குப்புராஜ் உட்கார்ந்தார். பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் தெற்கே போகும் பஸ்களின் ஜன்னலோரம் வெள்ளரிப் பிஞ்சு விற்றவர். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நகர நகர ஓடி, மிச்சக் காசையும் கொடுத்துவிட்டு நிற்கும் கால்கள். அந்த மாதம் பாதி ஓட்டத்திலேயே நின்றுவிட்டார். மாரில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது என்று மனைவி சரசுவிடம் சொன்னார். மருந்து பெஞ்சுக்குப் போகச் சொன்னார் சரசு.

“சின்ன டாக்டரு சீட்டு எழுதுவாரு. பெரியவரு கைய பாப்பாரு. எனுக்குச் சீட்டு வாணாம்” என்று குப்புராஜ் ரயில் நிலையத்து வாசலில் மனு எழுதுகிறவரிடம் போனார். எதைப் பற்றி என்று கேட்டார் எழுதுகிறவர். எதையாவது எழுது என்றார் குப்புராஜ். எங்கள் ஊரில் எதையாவது எழுது என்றால் கேட்டுக்குப் பாலம் வேண்டும் என்றுதான் எழுதுவார்கள்.

முறை வந்தது. குப்புராஜ் உள்ளே போனார். மனுவைப் பி.ஏ.விடம் கொடுத்தார். பிறகு டாக்டரின் எதிரே நின்று, வாயைத் திறக்காமல், கையை நீட்டினார். அந்த அறையின் பழைய சட்டம் அவருக்கு மறக்கவில்லை.

டாக்டர் இரண்டு கையாலும் பிடித்தார். குப்புராஜின் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

குப்புராஜ் வெளியே வந்தபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை அமலராணி பார்த்தார். மனு பெஞ்சிலிருந்து அப்படி ஒரு முகம் வந்து பார்த்ததே இல்லையே என்று மட்டும் நினைத்தாராம். அந்த முகம் எந்தப் பெஞ்சுக்குரியது என்று யோசிக்க அன்று நேரமில்லை. வராந்தா நிறைய ஆள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் குப்புராஜ் பஸ் நிறுத்தத்தில் விழுந்தார். முதலில் கேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வீட்டுக்குத்தான் தூக்கி வந்தார்கள். படுத்தால் சரியாகிவிடும் என்று அவரே சொன்னார். சரியாகவில்லை. ஆட்டோவில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மேலே சொல்ல வேண்டியதில்லை. அதே கேட்.

காரியம் முடிந்து சரசு கிளினிக்குக்கு வந்தார். டாக்டர் அன்று ஊரில் இருந்தார். சரசு சண்டைக்கு வரவில்லை, அதுதான் கொடுமை. ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேஜையில் வைத்தார்.

“உங்கள ஒரு கொறையும் சொல்றதுக்கு இல்ல அய்யா. அவரு சாவற வரிக்கும் தெம்பாத்தான் இருந்தாரு. பெரிய டாக்டரு கைய புடிச்சிப் பாத்தாரு, தட்டி அனுப்பிச்சிட்டாரு, எனுக்கு ஒண்ணும் இல்ல புள்ளன்னு வூட்டுல வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. நானுங்கூட வேற ஆஸ்பத்திரி போலாம்னேன். அவரு தட்டினதுக்கு அப்பால இன்னா ஆஸ்பத்திரின்னாரு. நல்லாத்தான் இருந்தாரு. அவரு விதி.”

சரசு போனார். டாக்டர் கதவைச் சாத்தச் சொல்லி அமலராணியிடம் சொன்னது இது. அவர் அனுமதியின்றிச் சொல்கிறோம்.

“ராணி, அவன் கை ஈரமா இருந்தது. ஐஸ் மாதிரி இருந்தது. என் விரல் சரியா அந்த இடத்துலதான் இருந்தது. நாடி தப்பித் தப்பித் துடிச்சிருக்கும். முதல் வருஷம் படிக்கிற பையன் கண்டுபிடிச்சிருப்பான். நான் என்ன பண்ணேன் தெரியுமா? அவன் போனதும் கர்சீப்ப எடுத்து என் கையத் துடைச்சுக்கிட்டேன். துடைச்சுட்டு அடுத்த ஆளுக்குக் கை நீட்டினேன்.”

“தெரியாம நடந்தது டாக்டர்” என்றார் அமலராணி.

“கையப் பிடிச்சுக்கிட்டே தெரியாமப் போச்சுன்னா, நான் யாரு?”

 

அன்று முதல் டாக்டர் யார் கையையும் தொடவில்லை. மனு பெஞ்சைப் பின்கட்டில் கொண்டுபோய்ப் போடச் சொன்னார். சந்திக்கிறவர்களைக் கும்பிட்டார், அவ்வளவுதான். 96 தேர்தலில் பிரசார ஜீப்பின் மேல் நின்று கைகூப்பியபடியே தொகுதியைச் சுற்றினார். கட்சிக்காரர்கள் காலில் விழாத குறை. “அண்ணே, ஒரு கையாவது குடுங்கண்ணே. ஜனம் தொட்டுப் பாக்கணும்னு கீது. தொடாத ஆளுக்கு எவன் ஓட்டுப் போடுவான்?” டாக்டர் கூப்பிய கையைப் பிரிக்கவில்லை. மத்திய மந்திரியானதும் அவருக்கு நம் கை அழுக்காகிவிட்டது என்று ஊர் பேசியது. அவருடைய கைகளுக்குள் பிறந்த பிள்ளைகள் ஓட்டுப்போடும் வயதுக்கு வந்து, கிளினிக்குக்கு எதிர்ப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று, வேறு சின்னத்தில் குத்தினார்கள். டெபாசிட் போயிற்று. காற்று அடித்த தேர்தல், எல்லாருக்கும் போயிற்று என்று ஆறுதல் சொன்னவர்களிடம் டாக்டர், “எனக்குப் போக வேண்டியதுதான் போச்சு” என்றார். பணிவு என்று நினைத்துக்கொண்டு அவர்கள் மெச்சினார்கள்.

இதுவரை ‘டாக்டர்’ என்று தள்ளி நிறுத்திச் சொன்னோம். இனித் தங்கள் முகம் பார்க்கிறோம்.

தாங்கள் இந்தக் கட்டடத்தை விற்றுவிட்டீர்கள். அடுத்த மாதம் முதல் இங்கே டைல்ஸ் விற்பார்கள் என்று கேள்வி. பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்கிறீர்கள். எங்களுக்கு ஆளுக்கொரு வழி பார்த்துவைத்திருக்கிறீர்கள், அதில் குறையில்லை. சிட்டிபாபு மட்டும், டைல்ஸ் கடையில் எந்தச் சிரப்பைக் கலக்குவது என்று கேட்கிறார். பாலம் வரப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். தங்கள் முப்பது வருடத்தில் பாதி கேட்டுக்கு இந்தப் பக்கம் போயிற்று, பாதி அந்தப் பக்கம் போயிற்று, நடுவில் இரண்டு கல் நிற்கிறது. இதை வெற்றி என்று பாட எங்களுக்கு வாய் வரவில்லை. தங்களுக்கும் காது கொடுக்க மனம் இருக்காது.

ஆனால் வாசலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

போன வருடத்திலிருந்து ஞாயிறு தவறாமல் சரசு மருந்து பெஞ்சுக்கு வருவது தங்களுக்குத் தெரியும். அவரைக் கண்டதும் கைகூப்பிக்கொண்டு தாங்கள் உள்ளே போய்விடுவது எங்களுக்குத் தெரியும். இப்போது வெள்ளரிக் கூடை சரசுவின் தலையில். அவருக்கும் பாதி ஓட்டத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. இடக்கை மரத்துப்போகிறது. சின்ன டாக்டர் சோதனைகள் எழுதிக் கொடுத்த சீட்டு, கூடைக்கு அடியில் சும்மாடாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வேறு யாரிடமும் காட்டமாட்டேன் என்று சரசு பிடிவாதம். அமலராணி தங்களிடம் வந்து கெஞ்சியபோது, “சின்ன டாக்டர் பாக்கட்டும். அந்த வீட்டு ஆளைத் தொட என் கைக்கு யோக்கியதை இல்லை” என்றீர்கள். சரசுவுக்கு உண்மை தெரிந்தால் தங்கள் நிழலைக்கூட மிதிக்கமாட்டார் என்றும் சொன்னீர்கள்.

அங்கேதான் தாங்கள் மறுபடியும் நாடி தவறிப் பார்த்துவிட்டீர்கள்.

போன வாரம் அமலராணி பொறுமையிழந்து சரசுவைக் கடிந்துகொண்டார். “சின்ன டாக்டர் எம்.டி. படிச்சவர். ஒரு வருஷமா வந்து இப்படி உட்கார்ந்தே சாகப்போறியா?”

அப்போது சரசு சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறோம். எழுதலாமா என்று அவரிடமே கேட்டோம். “படிங்க, நானும் பெஞ்சுல குந்திக்கினு கேக்கறேன்” என்றார்.

“எனுக்குத் தெரியும் சிஸ்டர். அன்னிக்கு அய்யா கைய புடிச்சது மனுவுக்கு. எங்க வூட்டுக்காரருதான் மருந்துக்குன்னு நெனைச்சிக்கினு வந்துட்டாரு. நானு வாழைப்பழம் குடுத்துட்டுப் போனனே, அன்னிக்குத் தெரியாது. அப்பால அவரு யாரு கையும் தொடறதில்லன்னு ஊரே பேசிக்கினுது. அவுங்க திமிருன்னாங்க. எனுக்குப் பளிச்சுன்னு ஆயிப்போச்சு.”

“தெரிஞ்சுமா அவர்கிட்டதான் காட்டணுங்கற? கோவம் இல்லையா?”

“கோவம் இல்லாம இன்னா? இருக்கு, போவல, போவாது. அதுக்கும் இதுக்கும் இன்னா? மத்த டாக்டருக்கு நானு நூத்துல ஒருத்தி. இவரு ஒருத்தருதான் என் கைய பயந்துகினு புடிப்பாரு. ஒரு தபா தப்பா வுட்ட கை, இன்னொரு தபா அவ்ளோ சீக்கிரம் வுடாது.”

ஐயா, இந்தக் கிளினிக்கில் நாங்கள் கேட்ட பேரங்களிலேயே கறாரான பேரம் இதுதான். மன்னிப்பு என்ற பேச்சே இதில் இல்லை. மன்னித்துவிட்டார் என்று பொய் சொல்லித் தங்களைத் தேற்றவும் நாங்கள் வரவில்லை. தங்கள் பயம் அவருக்கு வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். எங்களுக்குத் தெரிந்து, தங்களிடம் இப்போது மிச்சமிருக்கும் சரக்கும் அது ஒன்றுதான். வாங்க ஆள் வந்து வாசலில் ஒரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார்.

மரபுப்படி இப்போது சால்வை போர்த்த வேண்டும். மேஜைமேல் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தர வேண்டும், போடவில்லை. பெங்களூர் வீட்டுச் சுவரில் மாட்டக்கூடிய மடல் இல்லை இது. தங்கள் சட்டைப்பைக்கு அளவாக மடித்துத் தருகிறோம்.

பூமாலையைக் கழற்றிவிட்டு வராந்தாவுக்கு வாருங்கள். இடப்பக்கம், மருந்து பெஞ்சு. சரசு பேசமாட்டார், அந்த அறையின் சட்டம் அவர் வீட்டில் இன்னும் அமலில் இருக்கிறது. கையை நீட்டுவார். தங்கள் விரல் பழக்கம் விட்டுப் போயிருக்கலாம். ஒன்றும் கேட்காமலும் போகலாம். பக்கத்தில் சின்ன டாக்டர் ஈ.சி.ஜி. கருவியோடு நிற்கிறார். ஆட்டோவை இந்த முறை கேட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறோம். கேட் மூடியிருந்தாலும் ஸ்டிரெச்சரோடு ஓரத்து வழியில் நாங்கள் கடந்துவிடுவோம். பதினாலு வருடத்தில் எங்களுக்கு எட்டிய பாலம் இவ்வளவுதான்.

நாங்கள் நம்பிக்கையோடு கேட்கவில்லை. தாங்கள் வழக்கம்போல் கைகூப்பிவிட்டுக் காரில் ஏறிவிடுவீர்கள் என்றே எங்களில் பலர் நினைக்கிறோம். அப்படியானால் சரசு கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பார். எந்த பஸ்ஸின் ஜன்னலடியில் விழுவார் என்பதுதான் தெரியாது. அந்தச் செய்தி பெங்களூருக்கு வராமல் பார்த்துக்கொள்ள எங்களால் முடியாது.

நோயற்ற நெடுவாழ்வை வாழ்த்தி முடிப்பது இத்தகைய மடல்களின் வழக்கம். நெடுவாழ்வு தங்களுக்கு இப்போது இனிக்காது என்று அறிந்தே, அதைத் தங்களுக்கு வேண்டிக்கொள்கிறோம். மிச்சமிருக்கும் நாட்கள் எத்தனையாயினும் அவை அந்த மணிக்கட்டிலிருந்து தொடங்கட்டும்.

நாங்கள் பாதிக் கதவுக்கு இந்தப் பக்கம், பேச்சை நிறுத்திவிட்டு, காது கொடுத்து நிற்கிறோம். ஒன்றுமில்லை என்று தங்களுக்கே பட்டால் தட்டுங்கள். இல்லையென்றால் கையை விடாதீர்கள். ‘ராணி’ என்று கூப்பிடுங்கள்.

கேட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
அமலராணி, சிட்டிபாபு, ஸ்ரீநிவாசராகவன்
மற்றும் தனசிங் கிளினிக் ஊழியர்கள்